பழைய பிரிண்டர் மோட்டாரில் ஒரு குட்டிக் காற்றாலை

கம்ப்யூட்டர் வாங்கிச் சில வருடங்கள் ஆனால் வீட்டில் உதிரிகள் சேர்ந்துவிடும். என் பரணில் ஒரு பழுதான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும், யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியும் கிடந்தன. பேட்டரி நல்ல நிலையில்தான் இருந்தது. இவற்றைக் கொண்டு மொட்டை மாடியில் ஒரு சின்னக் காற்றாலை அமைத்தேன். கரண்ட் போனால் 3 வாட் எல்.இ.டி. விளக்கு எரிகிறது. இதில் கம்ப்யூட்டர் ஓடுமா? ஓடாது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் எடுத்தது பிரிண்டர் மோட்டாரை அல்ல, பழைய சீலிங் ஃபேனை. மூன்று நாள் மாலை வேலை வீண். எவ்வளவு சுற்றியும் மீட்டர் முள் அசையவில்லை. சாதாரண ஃபேன் மோட்டாரில் நிரந்தரக் காந்தம் இல்லை. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் அதில் காந்தப்புலமே உண்டாகும். ஆகவே எந்த மோட்டார் கிடைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். பிறகு ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். இப்போது இறுக்கம் தெரிந்தால் உள்ளே காந்தம் இருக்கிறது, அது ஜெனரேட்டராக வேலை செய்யும்.

பிரிண்டரில் பேப்பரை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். மெதுவாகச் சுற்றினாலே வோல்டேஜ் தருவதால் நமக்கு ஏற்றது இதுதான். பிரிண்டரைத் திறக்கும் முன் பவர் கேபிளை உருவிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். பவர் சப்ளையின் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மோட்டாரில் இருந்து 4 அல்லது 6 ஒயர்கள் வரும். உள்ளே இரண்டு காயில்கள் உள்ளன. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஜோடிகளைக் கண்டுபிடியுங்கள். 6 ஒயர் என்றால் ஒவ்வொரு காயிலிலும் அதிக ஓம்ஸ் காட்டும் இரு முனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நடு ஒயரை விட்டுவிடுங்கள். வருவது ஏ.சி. என்பதால் ஒவ்வொரு காயிலுக்கும் தனித்தனியாக ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வேண்டும். இரண்டின் பிளஸ்ஸையும் சேர்த்து, மைனஸையும் சேர்த்து, ஒரு ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்குக் கொடுங்கள். காற்று நின்றால் பேட்டரி மோட்டாரைச் சுற்றாமல் இந்த டயோடுகளே தடுத்துவிடும். பேட்டரி 14.4 வோல்ட்டைத் தாண்டாமல் அவ்வப்போது மீட்டரில் பாருங்கள். மோட்டாரில் இருந்து வரும் ஒயரை நேரடியாகச் செல்போனிலோ யுஎஸ்பி போர்ட்டிலோ செருகிவிடாதீர்கள். ஒரு பலத்த காற்றில் எல்லாம் போய்விடும்.

இறக்கைக்கு 4 அங்குல பிவிசி பைப். 30 செ.மீ. நீளத்தில் வெட்டி, நெடுக்காகப் பிளந்து, மூன்று இறக்கைகளையும் ஒரே எடைக்கு அரத்தால் ராவவும். மோட்டார் ஷாஃப்டில் உள்ள பல் சக்கரத்தைக் கழற்றாமல் அதன் மேல் ஒரு பிளைவுட் வட்டத்தை வைத்து, போல்ட் போட்டு முடுக்குங்கள். நான் பசையை மட்டும் நம்பினேன். ஆடி மாதக் காற்றில் இறக்கை வட்டம் அப்படியே கழன்று பறந்து பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் விழுந்தது. அங்கே அப்போது யாரும் நிற்கவில்லை. போல்ட்டை மாதம் ஒருமுறை பார்ப்பது அன்றிலிருந்துதான். பக்கத்தில் போகும் முன் கீழிருந்தே ஒவ்வொரு காயிலின் இரு ஒயர்களையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். முதலில் செய்த சோதனையில் கண்ட அதே இறுக்கம் பிரேக் போல் வேகத்தைக் குறைக்கும். மின்கம்பி அருகில் கம்பம் நடவே கூடாது. இடி மழை வந்தால் முன்பே இறக்கிவிடுங்கள்.

இனி கணக்கு. இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 60 செ.மீ. மணிக்கு 18 கி.மீ. காற்றில் அந்த வட்டத்தின் வழியே போகும் சக்தி சுமார் 21 வாட். எவ்வளவு சிறந்த காற்றாலையும் இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. நம் கைவேலைக்கு 2 வாட் கிடைத்தாலே நல்லது. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். வோல்டேஜும் 13க்கு மேல் ஏறாது, பேட்டரிக்கு ஒன்றும் போகாது. அதனால்தான் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்ததை 3 மீட்டர் உயர்த்தினேன்.

பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 84 வாட் ஹவர். 2 வாட்டில் அதை நிரப்ப ஏறத்தாழ இரண்டு நாள் நிற்காத காற்று வேண்டும். 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் அதை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். 3 வாட் விளக்கோ, பாதி பேட்டரியிலேயே 14 மணி நேரம் எரியும்.