மலைக்கு வரும் இறால், நண்டு, மட்டி: வாங்குமுன் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து வந்தாலும் அம்பாந்தோட்டையிலிருந்து வந்தாலும், தெமோதரைக்கு ஏறுவதற்குள் பல மணி நேரம் போய்விடும். ஆகவே:

• மட்டி வாய் திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள். மூடாவிட்டால் எடுக்காதீர்கள். பைப் தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும்.

• உயிர் நண்டை ஈரச்சாக்கில் சுற்றி, காற்றுப்படக் கொண்டுவாருங்கள். வழியில் செத்தது வேண்டாம்.

• இறால் ஐஸுக்குள் இருக்கவேண்டும். அமோனியா வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் உடனே சமையுங்கள்.

• மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். மட்டி ஓடு திறந்த பிறகும் 5 நிமிடமாவது வேகட்டும். திறக்காததை வீசுங்கள்.

• சாப்பிட்டபின் உதடு, நாக்கு மரத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மட்டியில் சேரும் பாசி நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.