சூரியன் அணைந்துவிடுமா என்று பிள்ளை கேட்டால்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். பையன் ராத்திரி ஒரு மணி வரை போனில் எதிர்காலம் பற்றிய வீடியோக்களைப் பார்க்கிறான். சூரியன் அணைந்துவிடும், பக்கத்து விண்மீன் திரள் வந்து மோதும், மனிதன் செவ்வாயில் ஊர் கட்டுவான், இயந்திரம் மனிதனை மிஞ்சிவிடும். "எல்லாம் அழியப்போகுதுன்னா நான் எதுக்கும்மா படிக்கணும்?" என்று கேட்டானாம். "இதில் எது உண்மை, எது கதை என்று எனக்கே தெரியவில்லை, அவனுக்கு என்ன சொல்வது?" என்கிறார்.

அம்மா, அவனைத் திட்டாதீர்கள். தூக்கம் கெடுவது தனி விஷயம். பத்து மணிக்கு மேல் போன் உங்கள் அறையில் இருக்கட்டும். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. "அதெல்லாம் சும்மா" என்று ஒதுக்கினால் அடுத்த கேள்வியை உங்களிடம் கொண்டு வரமாட்டான்.

சூரியனிலிருந்து தொடங்குங்கள். அவன் பார்த்தது பொய்யல்ல. சூரியனுக்கு இப்போது வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். இன்னும் 500 கோடி ஆண்டுகள் போல ஆன பிறகு அது ஊதிப் பெருத்துச் செம்பூதமாகும். பூமிக்குத் தொல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். சூரியனின் ஒளி 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. அந்தச் சூட்டில் இன்னும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளில் கடல்கள் வற்றத் தொடங்கும் என்பது வானியலாளர்களின் கணக்கு. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொல்லிவிட்டு, அந்த 100 கோடியை அவன் கண்ணுக்குத் தெரியும்படி அளந்து காட்டுங்கள். நம்மைப் போன்ற மனிதர் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதும் 100 கோடி ஆண்டு என்று வையுங்கள். மனித இனத்தின் இதுவரையான வரலாறு அதில் 150 மீட்டர். எழும்பூர் நடைமேடையின் கடைசியைக்கூட அது எட்டாது. வண்டி இன்னும் கிளம்பவேயில்லை, அதற்குள் மதுரையில் இறங்குவதைப் பற்றி அழுவானேன்? இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். தாளும் பேனாவும் கொடுத்து அவனையே போடச் சொல்லுங்கள். தானே போட்ட கணக்குக்குப் பயத்தைக் குறைக்கும் பலம் உண்டு. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அடுத்து, எந்த ஆரூடம் வந்தாலும் அதை முறத்தில் போட்டுப் புடைக்கப் பழக்குங்கள். வானத்தின் கணக்கு ஒரு பக்கம், மனிதனின் கணக்கு ஒரு பக்கம். வானத்தின் கணக்கு வெகு தூரம் செல்லும். ஒரு வால்மீன் 1758-இல் திரும்பி வரும் என்று கணித்த வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1742-இல் இறந்துபோனார். தாம் சொன்ன வால்மீன் திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் 1758 முடிவதற்குள் அது கண்ணில் பட்டது. மனிதர் என்ன செய்வார் என்ற கணக்கோ பத்து வருடத்திலேயே பிசகிவிடும்.

செவ்வாய்ப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு வாகாக அமைவது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை. இது வானத்தின் கணக்கு, தவறாது. 2022-இல் சரக்குக் கப்பல், 2024-இல் மனிதர் என்று எலான் மஸ்க் 2017-இல் சொன்னது மனிதனின் கணக்கு. அந்த வாகான வேளைகள் வந்தன, போயின; கப்பல் போகவில்லை. வீடியோவில் இரண்டும் ஒரே குரலில் ஒரே வேகத்தில் சொல்லப்படுவதால்தான் பிள்ளைகளுக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை.

இயந்திர அறிவைப் பற்றியும் அவனுக்குப் பயம் இருக்கும். ஹெர்பர்ட் சைமன் என்ற பெரிய அறிஞர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், கணினி பத்தாண்டுகளில் சதுரங்கத்தில் உலகச் சாம்பியனாகிவிடும் என்று 1957-இல் கணித்தார். உலகச் சாம்பியன் காஸ்பரோவை டீப் ப்ளூ என்ற கணினி வென்றது 1997-இல். பத்து, நாற்பதானது. ஆனாலும் நடந்தது. தேதி தவறியதையும் விஷயம் நடந்ததையும் சேர்த்தே அவனிடம் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அலட்சியம் வரும், மற்றதை மட்டும் சொன்னால் பீதி வரும்.

எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1956 முதல் கடைசிவரை இலங்கையில் வாழ்ந்தவர். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதினார். இன்று நம் வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனா பார்ப்பது அந்த உயரத்தைத்தான். ஆனால் அவர் கற்பனை செய்த நிலையத்தில் மனிதர்கள் தங்கி வேலை பார்த்தார்கள். ஆளில்லாமலே கருவியை இயங்கவைக்கும் டிரான்சிஸ்டர் வருமென்று அன்று யாருக்குத் தெரியும்? இயற்பியல் துல்லியமாக இருந்தது, கருவியும் ஆளும் மாறிப்போயின.

வானத்தின் கணக்கு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் திரள் சுமார் 400 கோடி ஆண்டுகளில் நம் பால்வீதியோடு மோதியே தீரும் என்று 2012-இல் அறிவித்தார்கள். 2025-இல் புதிய அளவீடுகளோடு மறுபடி கணக்கிட்டபோது, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்றார்கள். ஈர்ப்பு விதி மாறவில்லை, அளவீடுதான் திருந்தியது. "எந்த அளவு மாறினால் இந்தக் கணக்கு மாறும்?" என்று கேட்கப் பழகிய பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வேறு நட்சத்திரத்துக்குக் குடிபோவோம் என்ற வீடியோ வந்தால், உடனே வேகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் 4.2 ஒளியாண்டில் இருக்கிறது. அதே வேகத்தில் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 75,000 ஆண்டுகள் ஆகும். முடியாது என்பதல்ல இதன் பொருள். எத்தனை மடங்கு வேகம் வேண்டும், அதற்கு எரிசக்தி எங்கிருந்து வரும் என்று அவனே யோசிக்கத் தொடங்குவான். எதற்குப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. அவனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பார்க்கும் ஒவ்வொரு ஆரூடத்தையும் யார் சொன்னார், எந்த ஆண்டு நடக்கும் என்றார், அது எதன் மேல் நிற்கிறது என்று எழுதட்டும். இயந்திர அறிவு மனித அறிவைக் கடந்து போகும் திருப்பம் 2045-இல் வரும் என்கிறார் எதிர்காலவியலாளர் ரே கர்ஸ்வெய்ல். அதையும் எழுதி வைக்கட்டும், 2045-இல் திறந்து பார்க்கலாம்.

முதல் பக்கத்தில் எழுத வேண்டியது அபோஃபிஸ். சுமார் 340 மீட்டர் அளவுள்ள விண்கல். 2004 டிசம்பரில் சில நாள், அது 2029-இல் பூமியில் மோத 2.7 சதவீத வாய்ப்பு இருப்பதாகக் கணக்கு வந்து பயத்தைக் கிளப்பியது. மேலும் அளந்ததும் அந்தப் பயம் நீங்கியது. 2021-இல் ரேடார் கொண்டு அளந்து, அடுத்த 100 ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்று உறுதி செய்தார்கள். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில், நம் டிவி செயற்கைக்கோள்களுக்கும் கீழே, அது பூமியைக் கடந்து போகும். மிக நெருங்கும் நேரம் இந்தியக் கணக்கில் 2029 ஏப்ரல் 14, அதிகாலை சுமார் மூன்றே கால் மணி. அன்று சித்திரை முதல் நாள்.