காங்கேசன்துறைக்கு எதைக் கேட்பது?

அன்புள்ள மருமகன் கவிந்தனுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைத் திரும்ப இயக்க வேண்டுமென்று ஊர் ஊராகக் கையெழுத்துச் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தீர். மனுவை எழுதும் பொறுப்பை நண்பர்கள் உம்மிடம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் அறிந்தேன். ஊரில் உமக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் மனுவில் என்ன கேட்பது என்பதில் நான் உம்மோடு உடன்படவில்லை. ஒரே ஆலையை நம்பி நின்றபடியால்தான் காங்கேசன்துறை விழுந்த பிறகு எழும்ப முடியாமற் போனது என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியும்.

அந்தத் தொழிற்சாலையின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1948இல் கைத்தொழில் அமைச்சரான ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று பெரிய அரச ஆலைகளில் அதுவும் ஒன்று. மற்றவை பரந்தன் இரசாயனமும் வாழைச்சேனைக் காகிதமும். 1950இல் காங்கேசன்துறையில் உற்பத்தி தொடங்கியது. சுண்ணக்கல் காலடியிலேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது, ஜிப்சமும் எரிபொருளும் வெளியிலிருந்து வந்தன. மூட்டை சீமெந்து ரயிலேறித் தெற்கே போனது. சூளையில் சுட்ட கிளிங்கர் காலிக்குப் போய் அங்கே அரைபட்டது. இலங்கை கட்டிய அணைகளிலும் பாலங்களிலும் எங்களுடைய வலிகாமத்துக் கல் இருக்கிறது. ஆனால் எவ்வளவு உற்பத்தி செய்வது, எங்கே அனுப்புவது, என்ன விலைக்கு விற்பது என்பதெல்லாம் கொழும்பில் தீர்மானமானவை. ஊருக்குச் சொந்தமாக இருந்தவை கல்லும் உழைப்பும் மாதச் சம்பளமும் மட்டும். தேத்தண்ணிக் கடை முதல் லொறிக்காரர் வரை அந்தச் சம்பளத்தைச் சுற்றியே பிழைத்தார்கள். ஆலைக்கு நிகராக இரண்டாவது தொழில் ஒன்று அந்தப் பட்டினத்தில் நாற்பது வருஷத்திலும் வளரவில்லை. 1981இல் லங்கா சீமெந்துக் கம்பனி வந்தபோதுகூட அது இன்னொரு சீமெந்து ஆலையாகத்தான் வந்தது.

ஆலையை மூடியது போர், தொழிலின் குறைபாடு அல்ல என்று நீர் சொல்வீர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நிலம் உயர்பாதுகாப்பு வலயமானது, சூளை அணைந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது அநியாயம்; அந்த அநியாயத்துக்குக் கணக்குக் கேட்பதும் நியாயம். ஆனால் அடி விழுந்த காரணம் வேறு, எழும்ப முடியாத காரணம் வேறு. அதே வலயத்துக்குள் அகப்பட்ட மயிலிட்டியைப் பாரும். அந்த மீன்பிடித் துறைமுகமும் 27 வருஷம் மூடிக் கிடந்து 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. துறை திறந்ததும் வள்ளங்கள் திரும்பி வந்தன. தொழில் அந்தச் சனத்தின் கையிலேயே இருந்ததுதான் அதற்குக் காரணம். இடம்பெயர்ந்து போன கரைகளிலும் அவர்களால் வலை போட முடிந்தது, பிள்ளைகளுக்கும் பழக்க முடிந்தது. சூளைக்குப் பக்கத்தில் வேலை பழகினவருக்கு அந்த வழி இருக்கவில்லை. சூளை இல்லாத இடத்தில் அவருடைய திறமைக்கு விலையில்லை. 2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறை வரை திரும்ப வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. இவ்வளவும் வந்தும் பழைய பட்டினம் வரவில்லை.

குண்டு ஒன்றும் விழாத ஒரு தமிழ்த் தொழிலாளர் நகரத்தின் கதையும் இருக்கிறது. கர்நாடகத்தில் கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜோன் டெய்லர் கம்பனி தங்கம் வெட்டியது. நிலத்தடியில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். 1902இலேயே சிவசமுத்திர நீர்மின்சாரம் அந்தச் சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. ஆசியாவின் பல நகரங்கள் அப்போது எண்ணெய் விளக்கில் இருந்தன. பின்னர் சுரங்கம் அரசின் கைக்கு மாறியது. தாது தரம் குறைந்தது, ஆழம் கூடியது, செலவு வருமானத்தைத் தாண்டியது. 2001 பெப்ரவரி 28ஆந் திகதி சுரங்கத்தை மூடினார்கள். இன்று அந்த நகரத்துச் சனம் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறது. 1964இல் தொடங்கிய மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை அங்கே இருந்தபடியால் ஒரு பகுதியாவது தப்பியது. அதேபோல அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரம் மோட்டார்க் கார்த் தொழில் ஒன்றையே நம்பியிருந்தது. 1950இல் அங்கே 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 2010இல் ஏழு லட்சத்துச் சொச்சம். 2013இல் நகரசபையே வங்குரோத்தானது. இந்த இரண்டு ஊர்களையும் எந்த இராணுவமும் சுற்றி வளைக்கவில்லை.

ஆகவே போரே வந்திராவிட்டாலும் காங்கேசன்துறை பெரிய சோதனையைச் சந்தித்திருக்கும். 1977இல் நாட்டின் சந்தை திறந்துவிடப்பட்டது. புத்தளம் சீமெந்து ஆலை 1990களில் அரசின் கையிலிருந்து தனியாருக்குப் போய், சுவிஸ் கம்பனியிடம் இருந்து, 2016இல் தாய்லாந்துக் கம்பனியின் கைக்கு மாறியது. திருகோணமலையில் சுண்ணக்கல் வெட்டாமலே, வெளியிலிருந்து கிளிங்கர் இறக்கி அரைத்து ஒரு பெரிய நிறுவனம் வளர்ந்தது. கல் இருக்கிற ஊருக்குத்தான் சீமெந்துத் தொழில் என்ற நிலை அப்போதே போய்விட்டது. ஆலை மாத்திரம் அல்ல, எங்களுடைய தோட்டமும் இதே பாடத்தைப் படித்திருக்கிறது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூரை நம்பி விளைந்தது, அந்தச் சந்தை சுருங்கியபோது தோட்டக்காரர் தவித்தார்கள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதித் தடையால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின, கல்வீடுகள் எழும்பின. 1977க்குப் பிறகு தடை நீங்கியதும் விலை விழுந்தது. விளைச்சலில் குறை இருக்கவில்லை. விலையைத் தீர்மானித்த சட்டம் வேறு எங்கேயோ எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

நாட்டில் டொலருக்குத் தட்டுப்பாடு வரும்போது எங்கள் கல்லை எங்கள் ஊரிலேயே சுட்டால் என்ன என்பது உமது அடுத்த கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கல்லுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக அது கிடக்கிறது. மேற்கல்லை ஆழமாக அகழ்ந்தால் நன்னீர் குறையும், உவர் உள்ளே வரும். இந்தக் கல் எதையும் தேக்கித் தடுக்காது, ஒரு இடத்தில் சிந்தியது இன்னொரு இடத்துக் கிணற்றில் வரும். சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், 2019இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானது உமக்குத் தெரியும். காசு கொடுத்ததால் ஒரு கிணறும் பழையபடி ஆகிவிடாது. பழைய கற்குழிகளை அந்தக் கரையிலேயே போய்ப் பார்க்கலாம். வேலைவாய்ப்பு என்று சொன்னால், இன்றைய சீமெந்து ஆலை ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓடுவது. அந்தக் காலத்தைப் போல ஊரெல்லாம் சம்பளம் வாங்கும் என்று நம்பிக் கையெழுத்து வாங்கினால், கையெழுத்து வைக்கிற தாய் தகப்பன்மாருக்கு உண்மை சொன்னதாகாது.

சில்லறைத் தொழில்களால் ஒரு பிரதேசம் நிமிராது, பெரிய ஆலைதான் தொழில்நுட்பம் பழக்கும் என்று உம்மோடு படிப்பவர்கள் வாதிடுவார்கள். அதில் பாதி சரி. பொறியியலாளரும் மின்வினைஞரும் பழகியது அப்படியான ஆலைகளில்தான். பெரியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியது ஒன்று வந்தால் அது போனபிறகும் ஊரில் என்ன மிஞ்சும் என்றுதான் கேட்கச் சொல்கிறேன். நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் இதற்கு உதாரணம். அங்கே வள்ளம் கட்டினார்கள், குருநகரில் வலை செய்தார்கள். அந்தக் கைவேலைக்கு எந்தக் கரையிலும் ஆள் தேவை. வாங்குகிறவர்களும் ஒருவர் இருவர் அல்ல, வட்டாரம் முழுவதிலும் உள்ள சம்மாட்டிமார். ஆலையின் அளவைவிட இந்த வித்தியாசத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னும் ஒன்றை நான் மனவருத்தத்தோடு சொல்ல வேண்டும். ஒற்றைத் தொழிலை நம்புவது எங்களை விட்டுப் போகவில்லை, முகம் மாறி வந்திருக்கிறது. இன்று குடாநாட்டின் பெரிய வருமானங்களில் ஒன்று வெளிநாட்டுக் காசு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இரவு வேலை செய்து அனுப்பியவர்களால்தான் போர்க்காலத்தில் அடுப்பு எரிந்தது. அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் அதுவும் வேறு ஊர்களில் தீர்மானமாகிற சம்பளம். அனுப்பின தலைமுறைக்கு வயது போகிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் அம்மம்மாவுக்கு அனுப்புவார்கள், அம்மம்மாவுக்குப் பிறகு மாமியின் பேரனுக்கு அனுப்ப மாட்டார்கள். அதை அவர்களின் குற்றமென்று சொல்லவும் முடியாது. அந்தக் காசு மண்டபமாகவும் மதிலாகவும் கோயில் கோபுரமாகவும் முடிகிறது. ஒரு பட்டறையாகவோ குளிரறையாகவோ முடிவது குறைவு. சீமெந்துச் சம்பளத்தை ஊர் எப்படிச் செலவழித்ததோ, அப்படியேதான் இதையும் செலவழிக்கிறோம். அரசாங்க உத்தியோகத்துக்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கும் பட்டதாரிகளும் வேறொரு ஒற்றைக் கதவின் முன்னால்தான் நிற்கிறார்கள்.

ஆகவே மனுவை எழுத வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை, வேறு விதமாக எழுதும் என்கிறேன். நிலத்தையும் ஆலையையும் ஒரே கோரிக்கையாகக் கட்டாதீர். சொந்த நிலம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்பது உரிமை, அதை ஆலையோடு சேர்த்துப் பேரம் பேசும் பொருளாக்க வேண்டாம். ஆலைக் காணியையும் கற்குழிகளையும் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை ஊர்ச் சனத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்று கேளும். குழிகளில் எவற்றை மாரித் தண்ணீர் தேக்கப் பாவிக்கலாம் என்று நிலத்தடி நீர் படித்தவர்களைக் கொண்டு ஆராயச் சொல்லும். மயிலிட்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஐஸ், குளிரறை, வள்ளத் திருத்தம், எஞ்சின் பட்டறை என்று பல கைகளில் இருக்கக்கூடிய தொழில்களுக்கு இடமும் மின்சாரமும் கடனும் கேளும். அடிமடி இழுவையைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடலில் நடைமுறைப்படுத்தும்படி கேளும், அதில்லாமல் மீனை நம்பிய இந்தத் தொழில்கள் எதுவும் நிலைக்காது. துறைமுகத்தில் பயணிகளோடு சிறு வியாபாரிகளின் சரக்கும் ஏற வசதி கேளும்.

உமது படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர். ஒரே கம்பனிக்கோ ஒரே அமைச்சுக்கோ மட்டும் உதவுகிற வேலையை வாழ்நாள் தொழிலாக எடுக்க வேண்டாம். தண்ணீரோ குளிரூட்டலோ வள்ளமோ மின்னோ, எதைத் தெரிந்தெடுத்தாலும், ஊரில் குறைந்தது பத்துப் பேர் தனித்தனியாகக் காசு கொடுத்து உம்மிடம் செய்விக்கக்கூடிய வேலையாக அது இருக்கட்டும். மனுவின் புதிய பிரதியை எழுதினதும் எனக்கு அனுப்பும், முதல் கையெழுத்தை நான் வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா