பன்றியைச் சாய்ப்பது குண்டின் கனமா?

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு, களக்காடு என மலையை ஒட்டிய ஊர்களில் காட்டுப்பன்றிக்குப் பயந்து இரவில் காவல் கிடப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. அடிக்கிழங்குக்காக வாழையையே தோண்டிச் சாய்த்துவிடும். கதிர் பிடித்த வயலில் கூட்டமாகப் புரண்டால் அறுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது; 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; அதற்கும் அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுவது என்ற பேச்சு வந்தாலே ஒரு பழைய நம்பிக்கையும் கூட வந்துவிடுகிறது. குண்டு கனமாகவும் வேகமாகவும் இருந்தால் போதும், எங்கே பட்டாலும் விலங்கு நின்ற இடத்திலேயே விழும் என்பதுதான் அது. இந்த நம்பிக்கை தவறு; அடிவாரத்து மக்களுக்கு ஆபத்தை உண்டாக்கும் தவறு.

குண்டு விலங்கைத் தள்ளி வீழ்த்துகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பள்ளியில் படித்த நியூட்டன் விதியே இதற்குப் போதும். குண்டு கொண்டுபோகும் உந்தத்துக்குக் குறையாத உந்தம் சுட்டவரின் தோளையும் பின்னால் உதைக்கிறது. அது விலங்கைத் தூக்கி எறியும் என்றால் சுட்டவரும் மல்லாந்து விழ வேண்டும். கணக்குப் போட்டே பார்க்கலாம். 12 போர் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டு சுமார் 28 கிராம். வேகம் நொடிக்கு 450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ பன்றியின் உடலுக்குள் அது முழுவதுமாக நின்றாலும், பன்றிக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 16 சென்டிமீட்டர். நாம் நடக்கும் வேகத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்குதான். யானை வேட்டைக்கென்றே செய்த .458 ரைபிளின் 32 கிராம் குண்டு, நொடிக்கு 620 மீட்டர் வேகத்தில் 4 டன் யானை மேல் பட்டால், யானைக்குக் கிடைப்பது நொடிக்கு 5 மில்லிமீட்டர். சினிமாவில் குண்டு பட்டவன் பறந்துபோய்ச் சுவரில் மோதுவது கயிறு கட்டி இழுப்பதால்தான்.

அப்படியானால் விலங்கு எதனால் விழுகிறது? மூளையோ கழுத்துத் தண்டுவடமோ அறுபட்டால் அந்த நொடியே விழும். இதயத்திலோ நுரையீரலிலோ பட்டால் ரத்தம் இழந்து விழும். அதற்கு நேரம் ஆகும். இதயம் நின்ற பிறகும் மூளையில் மிஞ்சிய ஆக்ஸிஜன் பத்து நொடியாவது தாங்கும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும் பன்றி அதற்குள் நூறு மீட்டரைத் தாண்டிவிடும். சரியாகச் சுடப்பட்ட பன்றியே வாழைத் தோட்டத்துக்குள் மறைந்துவிடலாம். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பன்றியின் முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிர் உடலை உயரமாகக் காட்டுவதால் குறி மேலே போய்விடுகிறது. முதுகெலும்பை உரசிய குண்டின் அதிர்ச்சியில் பன்றி பொத்தென்று விழுகிறது. கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடுகிறது. அதன் இதயம் இருப்பதோ மார்பின் கீழ்ப்பகுதியில், முன்னங்கால்களுக்கு நடுவே. உடம்பின் மையத்தைக் குறி பார்த்தால் வயிற்றில்தான் படும். வயிற்றில் பட்ட பன்றி பல மணி நேரம் உயிரோடிருக்கும்.

கனம் பொருட்டில்லை என்றால் அந்தக் கால வேட்டைக்காரர்கள் ஏன் பீரங்கி போன்ற துப்பாக்கிகளைச் சுமந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் காடுகளில் யானை சுட்ட சாமுவேல் பேக்கர் காலத்தில் இருந்தது கரும்மருந்து மட்டுமே. அதைக் கொண்டு வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. குண்டின் கனத்தைக் கூட்டுவதே மிஞ்சிய வழி. 1880களில் புகையில்லா மருந்து வந்தது. அதன் ஒரு வகையான கார்டைட்டைச் செய்ய நீலகிரியில் அருவங்காட்டிலேயே ஆலை எழுந்தது. அதன் பிறகு ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவை 11 கிராம் அளவேயான 7 மி.மீ. குண்டுக்கு விழுந்தவை. யானையின் மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கும் என்பதை அவர் மண்டையோட்டை அறுத்துப் பார்த்தே கற்றிருந்தார். பெல் தனிப்பிறவி, அவரைப் பார்த்து எல்லோரும் சிறு ரைபிளை எடுக்க முடியாது என்று சொல்வதும் சரிதான். எலும்பைத் துளைத்த பிறகும் திசை மாறாமல் ஆழம் போகக் கனத்த, நீண்ட குண்டு உதவும். குறி சற்றுத் தவறினாலும் உள்ளே எட்டும் வாய்ப்பை அது தருகிறது. கனத்தின் பயன் அந்த ஆழம்தான்.

வேகத்தின் கதையும் அப்படியே. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பது உண்மை. வேகமான ரைபிள் குண்டு போகிற வழியைச் சுற்றித் தசையை விரித்துத் தள்ளுகிறது. கல்லீரல் கிழிகிறது, நுரையீரலும் தசையும் பெரும்பாலும் விரிந்து சுருங்கிக்கொள்கின்றன. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்மேல் தடித்த கெட்டித் தோல்கவசம் இருக்கிறது. மென்மையான, இலேசான குண்டு அதிவேகத்தில் அதில் மோதினால் மேலேயே சிதறிவிடலாம். சிறு ரவைத் தோட்டாவின் நிலை இன்னும் மோசம்: கொஞ்ச தூரத்திலேயே வேகம் இழந்து தோலடியில் தங்கிவிடும்; பன்றி சீழ் பிடித்து நாள்கணக்கில் சாகும்.

பயிர் போகும்போது பன்றியின் வலியையா பார்ப்பது என்று விவசாயி கேட்டால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் காயம்பட்ட பன்றி ஒளிந்திருக்கும் தோட்டத்துக்கு விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அவர்தான். தப்பிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். தாமிரபரணிக் கரையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெறும் வெளி அவ்வளவு இல்லை. ஆகவே வனத்துறையிடம் பெரிய துப்பாக்கி கேட்பதைவிடக் கேட்க வேண்டியவை வேறு. சுடுபவர் எத்தனை மீட்டர் வரை குறி தவறாமல் சுடுவார், குண்டு ஊடுருவிப் போனால் தாங்க பின்னால் மண்மேடு இருக்கிறதா, ஓடிய பன்றியை அன்றிரவே ரத்தத் தடம் பிடித்துத் தேட ஆள் இருக்கிறார்களா? நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரலைக் காட்டும், கருஞ்சிவப்பு கல்லீரலை, இரைத் துணுக்கு கலந்திருந்தால் வயிறு. அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும்.