எண்ணிப் பார், தங்கையே



உன் சோதனைப் படங்கள் வந்து சேர்ந்தன. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை விட்ட தட்டுகளில் ஸ்டெம் செல் வளர்ச்சி பாதியாகிவிட்டது, சில ஜீன்களின் வெளிப்பாடும் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். செல்களின் உயிர்ப்பை நிறத்தால் அளக்கும் எம்.டி.டி. சோதனை ஒன்றை மட்டும் நம்பிப் "பாதி" என்று சொல்லிவிடாதே. அதில் ஊதா நிறம் எழுவதில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மருந்து கைவைப்பதோ அதே மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில். செல் சாகாமலே நிறம் மங்கலாம். இறந்த செல்களில் மட்டும் ஏறும் டிரிப்பன் புளூ சாயத்தை விட்டு, உயிருள்ள செல்களை ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணு. கண் வலிக்கும், பரவாயில்லை.

அடுத்தது டோஸ். நீ விட்டது 5 மில்லிமோலார். வழக்கமான அளவில் மாத்திரை போடுபவரின் ரத்தத்தில் மருந்து மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டுவது அரிது. அது ஏறக்குறைய 40 மைக்ரோமோலார். நூறு மடங்குக்கும் மேல் போய்விட்டாய்! குடலில் மருந்தின் செறிவு மிக அதிகம் என்பது உண்மைதான், ஆனால் உன் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தவை. மீடியத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்றும் பார். 25 மில்லிமோலார் மீடியம் என்றால், ஆரோக்கியமானவர் வெறும் வயிற்றில் இருக்கும்போது ரத்தத்தில் உள்ளதைப்போல நான்கைந்து மடங்கு. சுவாசம் தடைபட்ட செல், அந்தச் சர்க்கரையைக் கிளைகாலிசிஸ் வழியே உடைத்து லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். உன் படத்தில் மீடியம் அமிலத்தின் அடையாளமான மஞ்சளுக்கு மாறியிருப்பதைக் கவனித்தாயா? ஜீன்களை மாற்றியது மருந்தா, அமிலமா? பி.எச். அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கிளைகாலிசிஸே மாறக்கூடும் என்பதால், ஜீன் வெளிப்பாட்டை அளக்கும் கியூ.பி.சி.ஆரில் ஜி.ஏ.பி.டி.எச்.சை ஒப்பீட்டு ஜீனாக வைக்காதே. அது கிளைகாலிசிஸ் ஜீன். அளவுகோலே நீளுகிறதா என்று தெரியாமல் துணியை அளக்கக் கூடாது. வேறு இரண்டு ஜீன்களாவது எடு. மருந்தால் அவை அசையவில்லை என்பதை முதலில் காட்டு.

கடைசி ஸ்லைடில், ஆற்றல் குறைவை உணரும் நொதியான ஏ.எம்.பி.கே. எழுந்தது, வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் அடங்கியது, வளர்ச்சி நின்றது என்று அம்புக்குறி போட்டு முடித்திருக்கிறாய். எல்லாரும் போடும் அம்புதான்.  இங்கே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூர்ணி ரங்கராஜன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படி. அதன்படி, பிடிமானத்தை விட்டுக் கழன்ற மார்பகச் செல்கள் சாகாமல் வளர, அதே ஏ.எம்.பி.கே. துணைபோகிறது. ஆகவே அந்த நொதியைத் தடுத்தாலும் உன் விளைவு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்காமல் அம்பு வரையாதே. மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957இல் முடிவுகளை வெளியிட்ட மருந்து மெட்ஃபார்மின். அது செயல்படும் விதம் பற்றி இன்னும் வாதம் ஓயவில்லை. நீ ஒரு ஸ்லைடில் தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

இந்த வாரம் ஒன்று செய். பாதித் தட்டுகளில் மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு, மூன்று நாள் வெறும் மீடியத்தில் வளரவிடு. ஜீன்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றனவா பார். எனக்குச் சராசரி எடுத்த பட்டைப் படம் வேண்டாம். தட்டுவாரியான மூல எண்களை, கன்ட்ரோலோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா
பெங்களூரு