ஒரே தொழிலினர் ஆடும் கதையாட்டம்

மேசையைச் சூழ்ந்தமர்ந்து, தாளும் பகடையும் கொண்டு, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாங்கிப் பலர் கூடிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்றுண்டு. காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றி, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவ்வகைக்கு முன்னோடியாம். அதன்கண் வீரன், மந்திரவாதி, குரு எனத் தொழில் வகுப்புகள் மூன்றே முதலில் இருந்தன. 1975-இல் கள்வன் சேர்ந்தான். பின்னும் பல பெருகின.

வழக்கமாக ஒவ்வொருவரும் வெவ்வேறு வகுப்பை மேற்கொள்வர். வீரன் காப்பான், குரு புண் ஆற்றுவார், கள்வன் பூட்டைத் திறப்பான். ஒருவர் குறையை மற்றொருவர் நிரப்புதலே குழுவின் வலிமை. அங்ஙனமாயின், ஆடுவோர் ஐவரும் குருமாராகவே அமையின் என்னாம்? ‘என் தொழிலை மற்றை நால்வரும் செய்வரே, யான் எற்றுக்கு?’ என்னும் ஐயம் ஒவ்வொருவர் உள்ளத்தும் எழும். அதனை நீக்குதல் ஆட்டம் நடத்துவோர் கடன். அதற்கு நெறி மூன்று.

முதலாவது, பொதுமையுள் சிறப்பை நாடுதல். 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடுவோர் கையேட்டில் குருமார்க்கு அறிவு, உயிர், ஒளி, இயற்கை, புயல், வஞ்சனை, போர் என ஏழு துறைகள் வகுக்கப்பட்டுள. போர்த்துறைக் குரு முன்னணியில் நிற்பார். உயிர்த்துறைக் குரு புண்ணை மிகுதியாக ஆற்றுவார். வஞ்சனைத்துறைக் குரு பிறர் மறைந்தியங்க அருள் செய்வார். ஒருவர் கொண்ட துறையைப் பிறர் கொள்ளாமை நன்று. பாத்திரத்தின் முன்வாழ்க்கையும் வேற்றுமை தரும். குற்றவாளியாயிருந்து திருந்திய குரு பூட்டுத் திறக்கவும் வல்லவர்.

இரண்டாவது, பொதுக்குறையை மறையாது கதைக்குப் பயன்படுத்துதல். குருமார்க்கு மனவுறுதிப் பயிற்சி உண்டு. பாயும் நெருப்பினின்று விரைந்து விலகும் பயிற்சியோ அவ்வகுப்பிற்கு இல்லை. ஒருவர் வீழும் பொறியில் ஐவரும் வீழக்கூடும். ஆதலின் பொறி வைப்பார் அதன் அறிகுறியையும் முன்னரே காட்டல் வேண்டும். மறுபுறம், உயிரற்றெழும் பிணங்களை விரட்டும் ஆற்றல், இரண்டாம் படி எய்திய குருமார் அனைவர்க்கும் உண்டு. பிணப்படையையே பகையாக்கின் போர் நொடியில் முடிந்து சுவை கெடும்; சூழ்ச்சியறிந்த மானிடப் பகைவரே ஏற்புடையர்.

மூன்றாவது, மந்திரத்தால் தீராத வினாவை எழுப்புதல். பஞ்சகாலத்தில் கோயிற் களஞ்சியத்தை ஏழைகட்குத் திறப்பதா, மேலோர் ஆணைப்படி பூட்டிவைப்பதா? ஐவரும் ஒரே மந்திரத்தை ஓதுவர். ஒரே விடையைக் கூறார். ஒருவர் இரங்குவார், ஒருவர் ஆணைக்கு அஞ்சுவார், ஒருவர் இரவில் திறவுகோலைக் கவர எண்ணுவார். ‘யான் எற்றுக்கு?’ என்று ஐயுற்றவர், தம் சொல் இன்றிக் கதை நகராதென்பதை அப்பொழுது உணர்வர்.

பன்னிரு சீடரும் பெற்ற அழைப்பு ஒன்றே. ஆயினும் முந்திப் பேசியவர் பேதுரு. கண்டன்றி நம்பாதவர் தோமா. அவருள் ஒருவரை மற்றொருவராக எவரும் மயங்கார். தொழில் ஒன்றாதலால் ஆள் ஒன்றாகான் என்பதே இவ்வாட்டம் புகட்டும் பாடம்.