மணிலா லோடு மாநில எல்லை தாண்டும் முன்...

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்கு மணிலா (நிலக்கடலை) ஏற்றும் லாரிக்குச் செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் நேர்வழி. தேதி குறிக்கும்போது முதலில் பௌர்ணமியைப் பாருங்கள். கிரிவல நாளில் நகரச் சாலைகளில் போக்குவரத்து மாற்றம் இருக்கும். கார்த்திகை தீபத்தன்று லோடு எடுக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது எடை. 2018 திருத்தப்படி, இரண்டு அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை போகலாம். ஆர்.சி.யில் பதிவான எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. அதிக மூட்டையையும் இறக்கச் சொல்வார்கள். கிளம்பும் ஊரிலேயே எடைமேடை ஏறிவிடுவது எவ்வளவோ மலிவு.

வரி உள்ள சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை மாற்றினால், புது வண்டி எண்ணைப் பதிந்த பிறகே நகர வேண்டும். காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம்.

நேஷனல் பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கின் தேதியையும் பாருங்கள்.

ஓட்டுநரின் தூக்கத்தை மட்டும் பேரம் பேசாதீர்கள். 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. இரவு ஓட்டமென்றால் பகலில் அவர் தூங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.